முழங்காலைக் கேட்டுக் கார் வாங்குங்கள்: வயதானவர்களுக்கு ஏற்ற காரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

துறைமுகத்திலும், எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளிலும், பெரம்பூர் ரயில்வே பணிமனைகளிலும் வாழ்நாளின் பெரும்பகுதியை நின்றுகொண்டே உழைத்துக் கழித்தவர்கள் வட சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அறுபதைத் தாண்டும்போது அந்த உழைப்பின் கணக்கை முழங்கால் கேட்கிறது. இடுப்பும் கழுத்தும் பின்தொடர்கின்றன. ஆனாலும் ஸ்டான்லி மருத்துவமனைக்கும், திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கும், கொளத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கும் அவர்கள் போய்வர வேண்டியிருக்கிறது. ஸ்கூட்டரைச் சாய்த்து நிமிர்த்தக் காலில் வலுவில்லாத நிலையில், பலரும் இந்த வயதில்தான் காரைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

அந்தக் காரை நம் வீடுகளில் எப்படி முடிவு செய்கிறோம்? மைலேஜ் எவ்வளவு, விலை எவ்வளவு, பக்கத்து வீட்டில் எது நிற்கிறது, மகனுக்கு எந்த மாடல் பிடிக்கும் என்பதெல்லாம் பேசப்படுகின்றன. ஓட்டப்போகிற அப்பாவின் வலது முழங்கால் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம். எந்த மூட்டு, எந்த அசைவில் வலிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதிக் கார்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிடும். மீதியில் தேர்ந்தெடுப்பது எளிது.

ஏறுவதும் இறங்குவதும்

வயதான உடலுக்குக் கார் ஓட்டுவதைவிட அதில் ஏறி இறங்குவதுதான் கடினம். உட்காரும் அந்த ஒரு சில விநாடிகளில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, முதுகு வளைந்து, தலை குனிந்து, முழு எடையும் ஒரே முழங்காலின் மேல் இறங்குகிறது. இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்க வேண்டும். எழும்போது தொடைத் தசை மொத்த உடலையும் தூக்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ‘அம்மா’ என்று முனகுவது இந்த இடத்தில்தான். மிக உயரமான பெரிய எஸ்.யு.வி.யில் சிக்கல் வேறு மாதிரி. ஏறுவதற்குக் காலை இடுப்பருகே தூக்க வேண்டும். இறங்கும்போது தரை எட்டாமல் கால் தொங்கும். இடுப்பு மூட்டில் வலி உள்ளவருக்கு இது ஆகாது.

எனவே இருக்கையின் உயரத்தை அளந்து பார்க்க வேண்டும். ஷோரூம் தரும் விளம்பரத் தாளில் காரின் நீளமும் அகலமும் இருக்கும், இருக்கையின் உயரம் இருக்காது. நீங்களே அளக்கலாம். வீட்டில் கையை ஊன்றாமல் அவரால் எழ முடிகிற நாற்காலி எது என்று பார்த்து, தரையிலிருந்து அதன் உயரத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காரின் இருக்கை, ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய நிலையிலும், சாலையிலிருந்து அந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. இது கீழ் எல்லை. மேல் எல்லைக்கு டேப் தேவையில்லை. காருக்கு முதுகைக் காட்டி நின்று, குதிகாலைத் தூக்காமல் அப்படியே இருக்கையில் அமர முடிய வேண்டும். எக்கி உட்கார வேண்டியிருந்தால் அந்தக் கார் அவருக்கு உயரம்.

டிக்கி பின்னால் தனியாக நீண்டிருக்கும் தாழ்ந்த செடான் கார்கள் பலவும் கீழ் எல்லையிலேயே தோற்றுவிடும். சிறிய காராகவும் கூரை உயர்ந்ததாகவும் இருப்பவை தேறும். 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சாண்ட்ரோவும், அடுத்த ஆண்டு வந்த வேகன் ஆரும் இந்த வடிவத்தை நமக்குப் பழக்கின. இன்றைய வேகன் ஆரின் உயரம் 1675 மி.மீ. தலையைக் குனியாமல், வேட்டி தடுக்காமல் உள்ளே போகலாம். டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர், மாருதி இக்னிஸ் ஆகியவையும் ஏறத்தாழ இந்த வகையில் வருபவை. பெட்டிபோல இருக்கிறது என்று இளைஞர்கள் முகம் சுளிக்கும் வடிவம்தான் பெரியவர்களின் இடுப்புக்கு இதமானது.

‘மழை வந்தால் நம் பக்கம் தண்ணீர் நிற்கும், அதனால் பெரிய உயரமான வண்டிதான் வேண்டும்’ என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீர் நிற்பது உண்மைதான். ஆனால் வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் இருக்கை எவ்வளவு உயரம் என்பதும் வேறு வேறு. பஞ்ச் போன்ற சிறிய வண்டியிலேயே அடிப்பகுதி ஏறத்தாழ 19 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும் நாளில் எவ்வளவு பெரிய எஸ்.யு.வி.யாக இருந்தாலும் உள்ளே இறங்கக் கூடாது. அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுவதும் அப்பாவை மலையேற வைக்க வேண்டாம்.

உயரம் சரியாக இருந்தாலும் மூன்று சின்ன விஷயங்கள் காரியத்தைக் கெடுக்கும். கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே தாண்ட வேண்டிய கீழ்ச்சட்டம் அகலமாக இருந்தால் காலை வெகுதூரம் வீசிப் போட வேண்டும். இருக்கையின் இரு ஓரங்களும் மேடாகப் புடைத்திருந்தால் அந்த மேட்டைத் தாண்டி நகர்வது வலியைக் கூட்டும். ஓரம் தட்டையாக இருக்கும் இருக்கையே நல்லது. மூன்றாவது இருக்கை உறை. துவாலைத் துணி உறை வேர்வையை உறிஞ்சும், ஆனால் புடவையையும் வேட்டியையும் பிடித்து நிறுத்தும். வழவழப்பான உறையில் உடல் எளிதாகத் திரும்பும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரானால் அது விரிய வழிவிடும் உறையாகப் பார்த்து வாங்க வேண்டும். சுழலும் மெத்தைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஓட்டுபவர் அதன்மேல் அமர்ந்தபடி ஓட்டக் கூடாது, பிரேக் அழுத்தும்போது உடல் நழுவும்.

முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புவதே சரியான முறை. இறங்கும்போது இரண்டு கால்களையும் வெளியே வைத்த பிறகே எழ வேண்டும். பிசியோதெரபி நிபுணர்கள் சொல்லித்தரும் இந்த முறைக்குக் கதவு நன்றாகத் திறக்க வேண்டும். இங்கேதான் நம் தெரு குறுக்கே வருகிறது.

தெரு எவ்வளவு திறக்க விடும்?

பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் கார் நிற்குமிடம் பெரும்பாலும் வீட்டுச் சுவரை ஒட்டிய தெருவோரம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வரிசையாக பைக்குகள், நடுவே குடிநீர் லாரி வர வேண்டும். பஞ்சின் கதவுகள் 90 டிகிரி வரை திறக்கும். மூட்டு வலிக்காரருக்கு அருமையான வசதி அது. ஆனால் அவ்வளவு திறக்கத் தெருவில் இடம் இருக்க வேண்டும். பஞ்சின் அகலம் 1742 மி.மீ., வேகன் ஆரின் அகலம் 1620 மி.மீ. ஏறத்தாழ 12 செ.மீ. வித்தியாசம். மாதவரத்தின் அகலமான தெருக்களில் இது பொருட்டே இல்லை. வண்ணாரப்பேட்டைச் சந்தில் கதவு முழுதாகத் திறப்பதும் பாதியில் நிற்பதும் இந்த 12 சென்டிமீட்டரில் இருக்கிறது. கார் நிற்கப்போகும் இடத்தை அளந்து, ஓட்டுநர் பக்கத்தில் கதவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

மிகச் சிறிய கார் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். எம்.ஜி. காமெட் மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளம் கொண்டது, சந்தில் திருப்ப அதைப்போல எளிதான வண்டி குறைவு. ஆனால் அதற்கு இரண்டே கதவுகள். அவை நீளமானவை, திறக்கப் பக்கவாட்டில் அதிக இடம் கேட்பவை. பின் இருக்கைக்கு மனைவியோ அக்காவோ போக வேண்டுமென்றால் முன் இருக்கையை மடக்கி, குனிந்து நுழைய வேண்டும். முழங்கால் வலி இருவருக்கும் இருக்கும் வீட்டில் இது உதவாது.

இன்னொன்றும் உண்டு. மேலே மேலே தார் போட்டு உயர்ந்துபோன நம் சாலைகள் ஓரத்தில் சரிவாக இறங்குகின்றன. அந்தச் சரிவில் நிற்கும் காரின் ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் இருக்கும். தாழ்ந்த பக்கத்துக் கதவு தானாகத் திறந்து விழும். உயர்ந்த பக்கத்துக் கதவைத் தள்ளித் திறக்கத் தோள்பலம் வேண்டும். ஓட்டுபவருக்கு எந்தப் பக்கம் எளிதோ அதற்கேற்ப வண்டியை நிறுத்தும் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

எந்தக் கால் வலிக்கிறது?

‘கால் வலியா, ஆட்டோமேட்டிக் வாங்குங்கள்’ என்பது எல்லோரும் தரும் அறிவுரை. இடது காலுக்கு அது முழுத் தீர்வு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்சை எத்தனை முறை மிதிக்க நேர்கிறது என்று அதில் தினமும் போகிறவர்களுக்குத் தெரியும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடலே கிடையாது, இடது காலுக்கு வேலை இல்லை. ஆனால் வலது கால்தான் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மாறி மாறி அழுத்துகிறது. வலது முழங்காலில் வலி உள்ளவருக்கு ஆட்டோமேட்டிக் பாதி நிவாரணம் மட்டுமே.

ஆட்டோமேட்டிக்கிலும் வகைகள் உண்டு, அவற்றின் குணம் உடலுக்கு நேரடியாகத் தெரியும். சிறிய கார்களில் அதிகம் கிடைப்பது ஏ.எம்.டி. இது சாதாரண கியர்பெட்டிதான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஒரு சிறு இயந்திரம் செய்கிறது. 2014இல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவலானது. சாதாரணக் காரைவிடப் பெரும்பாலும் 45,000 முதல் 60,000 ரூபாய்தான் கூடுதல் என்பதால் நம் மக்களுக்குக் கட்டுப்படியாகும். குறை, கியர் மாறும்போது வரும் ஒரு சிறு தயக்கமும் குலுக்கலும். முழங்கால் மட்டும் வலிப்பவருக்கு அது பொருட்டில்லை. இடுப்பில் வட்டு நழுவியவருக்கு நெரிசலில் ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் குத்தும். அவர்களுக்கு சி.வி.டி. அல்லது டார்க் கன்வெர்டர் வகைதான் நான் சொல்வேன். சி.வி.டி.யில் தனித்தனி கியர்களுக்குப் பதில் பட்டையும் விரிந்து சுருங்கும் சக்கரங்களும் இருப்பதால் வேகம் வழுக்கிக்கொண்டு ஏறும். டார்க் கன்வெர்டரில் எண்ணெய் வழியாக விசை கடத்தப்படுவதால் கியர் மாற்றம் மென்மை. இரண்டும் விலை கூடுதல்.

எந்த வகையானாலும் மேட்டில் பின்னால் உருளாமல் பிடித்துவைக்கும் ‘ஹில் ஹோல்ட்’ வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பேசின் பிரிட்ஜ் ஏற்றத்திலும் பெரம்பூர் மேம்பாலத்திலும் வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும் நேரத்தில், பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் கால் மெதுவாக நகர்கிற ஒருவருக்கு அந்த ஓரிரு விநாடிப் பிடிமானம் பெரிய துணை.

மின்சாரக் காரில் கியரே இல்லை, குலுக்கலும் இல்லை. ஓட்டுவதற்கு மிகச் சுகம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகத்தை இழுத்துப் பிடிக்கும் வசதி பிரேக் வேலையைக் குறைக்கும். ஆனால் அதை உச்ச அளவில் வைத்தால், வண்டி நகரும் நேரமெல்லாம் வலது பாதத்தை ஒரே கோணத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். கணுக்கால் வலி உள்ளவர்கள் குறைந்த அளவில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் தனி நிறுத்துமிடம் இல்லாமல் தெருவின் குறுக்கே வயரை இழுத்து சார்ஜ் செய்யும் நிலை இருந்தால் மின்சாரக் காரைத் தள்ளிப்போடுங்கள். நடைபாதையில் கிடக்கும் வயர் இன்னொரு முதியவரை வீழ்த்தும்.

வலது கால் ஒத்துழைக்கவே இல்லையென்றால், பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையால் இயக்கும் அமைப்பை ஆட்டோமேட்டிக் காரில் பொருத்தலாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988 இதற்கு இடம் தருகிறது. ஆனால் மெக்கானிக் கடையில் பொருத்திவிட்டு அப்படியே ஓட்டக் கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலோடு பதிவுச் சான்றில் மாற்றம் ஏற வேண்டும், ஓட்டுநர் உரிமமும் அதற்கேற்ப இருக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நேரும் நாளில் இழப்பீடு சிக்கலாகிவிடும்.

சர்க்கரை நோய் நெடுநாள் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெடலில் கால் இருக்கிறதா, எந்த பெடலில் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பது பாதம் சொல்லித்தான் தெரியும். பாதம் மரத்துப்போனவருக்கு எந்த ஆட்டோமேட்டிக்கும் பாதுகாப்பு தராது. கார் பார்க்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் எப்போது ஓட்டலாம் என்பதை அந்த மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கழுத்து, தோள், விரல்கள்

கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவரால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. மிண்ட் பகுதியில் தள்ளுவண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே பின்பக்கமாக எடுக்கும்போது அது பெரிய ஆபத்து. பின்பக்க கேமராவை ஆடம்பரம் என்று ஒதுக்காமல் அவசியம் என்று வாங்குங்கள். பழைய கார் வாங்குபவர்கள் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டியாகப் பார்க்கலாம். அந்த மாதம் முதல் பின்பக்க எச்சரிக்கை சென்சார் கட்டாயம். சடாரென்று அழுத்தினாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் அதே ஆண்டு ஏப்ரலில் கார்களுக்குக் கட்டாயமானது.

விரல் மூட்டுகள் வீங்கியவர்களுக்குச் சாவியைத் திருகுவதே வேதனை. பொத்தானை அழுத்தி இயக்கும் வசதி அவர்களுக்கு நல்ல உதவி. கதவின் கைப்பிடி, நான்கு விரல்களும் உள்ளே போய்ப் பிடிக்கும் வகையாக இருக்கட்டும். விரல் நுனியால் நெம்பும் தட்டை வகை வேண்டாம். ஏ.சி.க்கும் பாட்டுக்கும் திருகும் குமிழ்கள் உள்ள காரே மேல். எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் புதைத்துவைத்த கார்களில், குளிரைக் குறைக்கக்கூடக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குக் கார் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், பெடல் எட்டுவதற்காக ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்கிறார்கள். ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்தில் அது காயப்படுத்தும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் இடையே 25 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இருக்கையை உயர்த்தும் நெம்புகோலும் ஸ்டீயரிங்கைச் சாய்க்கும் வசதியும் இருந்தால் இது கைகூடும். விலை குறைந்த வகைகளில் இருக்கை உயர்த்தி பெரும்பாலும் இருக்காது. அலாய் சக்கரத்துக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

கண்ணைப் பொறுத்தவரை காரால் செய்ய முடிவது குறைவு. பின்னால் வரும் வெளிச்சத்தை மங்கவைக்கும் உள்கண்ணாடி கொஞ்சம் உதவும். கண்புரை உள்ளவருக்கு எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் சிதறிப் பரவித் தெரியும். புரையை எடுக்கும்வரை இரவில் ஓட்டாமல் இருப்பதே வழி.

ஓட்டிப் பார்க்கும் நாள்

அப்பாவுக்கான காரை அப்பா இல்லாமல் பார்க்கப் போகாதீர்கள். மூட்டு வாதம் உள்ளவர்களுக்குக் காலையில் விறைப்பு அதிகம். சிலருக்கு மாலையில் வலி கூடும். உடல் மிக மோசமாக இருக்கும் நேரம் எதுவோ, அந்த நேரத்துக்கே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். தினமும் உடுத்தும் உடையில், தினமும் போடும் செருப்பில், ஊன்றுகோல் உண்டென்றால் அதையும் எடுத்துக்கொண்டு போகட்டும். ஷோரூம்காரர்கள் நல்ல அகலமான சாலையில் ஒரு சுற்று அழைத்துப் போய் முடித்துவிடுவார்கள். உங்கள் தெருவுக்கு ஓட்டி வந்து, உங்கள் வாசலில் நிறுத்தி, அங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஷோரூம் பாருங்கள்.

அரை மணி நேரமாவது உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் பார்ப்பது முக்கியம். உட்கார்ந்தே இருந்து இறுகிப்போன மூட்டு, எழும்போதுதான் உண்மையைச் சொல்லும். டிக்கியில் அரிசிப் பையையோ மடக்கு வாக்கரையோ வைத்து எடுத்துப் பாருங்கள். டிக்கியின் விளிம்பு இடுப்புக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு முறையும் தோள் வலிக்கும்.

பணமும் உரிமமும்

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29 சதவீதம் இருந்தது. மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். மிச்சமாகும் தொகையில் ஆட்டோமேட்டிக் வந்துவிடும் என்பது என் கணக்கு.

ஓட்டுநர் உரிமத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தாண்டுகளுக்குத்தான் கிடைக்கும். 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ தர வேண்டும். இதைச் சடங்காக முடித்துவிடாமல், கண், கழுத்து, பாதம் மூன்றையும் உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ள நல்ல வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் வந்த முதல் சில வாரங்கள் நெரிசல் இல்லாத விடியற்காலையில் ஓட்டிப் பழக வேண்டும். பல ஆண்டுகள் கிளட்ச் மிதித்த இடது கால், ஆட்டோமேட்டிக்கில் பழக்கத்தால் பிரேக்கின் மேல் பாய்ந்து வண்டியைச் சடாரென்று நிறுத்திவிடும். இடது பாதத்தை ஓரத்தில் உள்ள கால்தாங்கியில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். வலது குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றியிருந்தால், முன்பாதத்தைச் சாய்த்தே ஆக்சிலேட்டரைத் தொடலாம். காலை ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டியதில்லை. பிரேக்கை அழுத்திய பிறகே கியர் நெம்புகோலைத் தொட வேண்டும் என்பதை, பக்கத்தில் உட்காரும் மகனோ மகளோ முதல் நாட்களில் ஒவ்வொரு முறையும் நினைவூட்டட்டும்.